ஆமணக்குக்குக் காவல்

மற்றவர்கள் வீட்டில் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு பலகை மாட்டியிருந்தது. பலகையில் இருபத்து நாலு ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. ஒன்றுகூட எங்கள் வீட்டுச் சாவி கிடையாது. மே மாதம் வந்தால் பலகை நிறைந்துவிடும். அம்மா அப்பாவின் கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

"எங்கழுத்துல தாலி கட்டுனதுக்கு சாட்சி பீரோவுல கெடக்குது, எவன் வூட்டு சாவியோ நடுவூட்டுல தொங்குது" என்று அம்மா வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நெய்வேலி நகரியத்தில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீடு திருநெல்வேலி, பக்கத்து வீடு கும்பகோணம், அதற்கடுத்தது நாகர்கோவில். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மறுநாளே பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு மட்டும் போவதற்கு ஊர் இல்லை. இருக்கிறது, ஆனால் அது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போய், எல்லோரையும் நலம் விசாரித்து, ஒரு சண்டையும் போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். அதையெல்லாம் ஊருக்குப் போனதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லீவு முடிந்ததும் வகுப்பில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நான் எதிர்வீட்டு மீன்தொட்டியைப் பற்றி எழுதுவேன்.

ஊருக்குப் போகிறவர்களின் சாவியெல்லாம் ஊரில்லாத எங்களிடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். மற்றவர்கள் அதைச் சின்ன ஒத்தாசையாக நினைத்தார்கள். அப்பா பதவியாக நினைத்தார்.

அந்தப் பதவிக்குச் சட்டதிட்டம் உண்டு. செருப்பை வாசலில் விட வேண்டும். உள்ளே உட்காரக் கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னறையில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, விடிந்து ஷிப்டுக்குப் போகிற வழியில் அணைக்க வேண்டும். செடிக்குத் தண்ணீர், மீனுக்குத் தீனி. கும்பகோணத்து மாமி ஒரு வருஷம் உறைமோரைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய மாமியார் காலத்திலிருந்து விட்டுப்போகாமல் வருகிற உறைமோராம். அப்பா தினமும் அதற்கென்று தனியாகப் பால் வாங்கி உறை ஊற்றினார். எங்கள் பிரிட்ஜில் இரண்டு தயிர் இருந்தன. கரண்டியைத் தவறான தயிரில் போட்டதற்காக நான் அந்த லீவில் இரண்டு நாள் அப்பாவிடம் பேச்சு வாங்கினேன்.

கோயிலுக்குப் போனாலும் அவர் கவனம் சாமி மேல் இருக்காது. துவாரபாலகர் முன்னால் நின்றுவிடுவார்.

"பாரு பாப்பா. ஆயிரம் வருஷமா ஒரு கால மடக்கிக்கினு நிக்கிறாங்க. ஒரு நாளாவது உள்ள எட்டிப் பாத்திருப்பாங்களா?"

"கல்லு எப்படிப்பா எட்டிப் பாக்கும்?"

"அதுக்குத்தான் கல்லுல செஞ்சிருக்கான்."

எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் பாப்பாதான். நகரியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கான்ட்ராக்ட் டீச்சர். சரித்திரம் எடுக்கிறேன். அதனால் அப்பாவுக்கு என்மேல் ஒரு குறை. ராஜாக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக நடத்துகிறாயே, கோட்டைக்கு வெளியே ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றவன் பெயர் எங்காவது இருக்கிறதா என்பார். ஏரிக்குக் காவல் இருந்தவன், களத்துக்குக் காவல் இருந்தவன் எல்லாம் எந்தப் பாடத்தில் வருகிறான் என்பார். அவருடைய அப்பா அடுத்தவர் களத்துக்குக் காவல் இருந்தவர். நெற்குவியலின் மேல் சாம்பலால் கோடு போட்டுவிட்டு நிலத்துக்காரர் போய்விடுவார். காலையில் கோடு கலையாமல் இருந்தால் தாத்தா யோக்கியர். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை, காவலுக்கு மட்டும் குறைச்சலே இருந்ததில்லை.

"ஒழுங்கா காவல் காத்தா ஒண்ணுமே நடக்காதுப்பா. ஒண்ணும் நடக்காதத எப்படி எழுதுறது?" என்று நான் வாயடிப்பேன்.

போன வருஷம் எழுதுவதற்கு ஒன்று நடந்தது.

மே மாதக் கடைசியில் அப்பாவுக்கு ரிட்டயர்மெண்ட். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டி வைத்திருக்கும் சின்ன வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு சுரங்க வேலையை விடுவது பற்றி ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. பலகையைப் பார்த்துத்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம். ஒரு கம்ப்ளெயிண்ட் கெடயாது. இந்த ஒரு மாசமும் நல்லபடியா ஓடிட்டா தலைநிமிந்து கௌம்பிடலாம்" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பத்தாவது தடவை எனக்கே பயமாக இருந்தது.

பின்தெருவுக்கு அப்போதுதான் ஒரு புதுத் தம்பதி வந்திருந்தார்கள். சேலம் பக்கம். பையன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர். அவன் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவைப் பிடித்து, தடித்த அட்டை கோத்த ஒரு சாவியைக் கையில் கொடுத்தான்.

"அங்கிள், பத்து நாள் ஊருக்குப் போறோம்ங்க. எல்லாரும் உங்ககிட்டதான் சாவி குடுப்பாங்களாமே. ஒரே ஒரு செடிதானுங்க. அவ அம்மா வீட்டுச் செடி. அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அது மட்டும் வாடாம பாத்துக்கிட்டீங்கன்னா போதும்."

"செடியப் பத்தி நீங்க மறந்துடுங்க தம்பி" என்றார் அப்பா. பஸ் வந்துவிட்டது.

அட்டையில் வீட்டு நம்பரை அந்தப் பையன் அழகாக எழுதியிருந்தான். அப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அட்டையைக் கழற்றினார். நம்பர் எழுதிச் சாவி கொடுப்பது அவருக்கு அவமானம். எந்த வீடு யாருடையது என்று தெரியாதவனுக்கு எதற்குச் சாவி? சாவிக்குப் பச்சைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்து ஆணியில் மாட்டினார்.

புதுத் தம்பதியின் வீடு அவருக்குத் தெரியும். முந்தின வாரம்தான் பின்தெருவில் ஒரு வீட்டு வாசலில் லாரி நின்றதை ஷிப்ட் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறார். கட்டில், பீரோ எல்லாம் இருந்ததாம். புதிதாக வந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த லாரி சாமான் இறக்க வந்த லாரி இல்லை, ஏற்ற வந்த லாரி. தஞ்சாவூர்க்கார போர்மேன் ஒருவர் ரிட்டயர் ஆகி, சாமான்களை ஊருக்கு ஏற்றிவிட்டு, மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்துக்கொள்ளலாம் என்று தன் பழைய பூட்டைத் தொங்கவிட்டுப் போயிருந்தார். அங்கே வந்து போகிற குடும்பமும் அதிகம், எல்லா வீடும் ஒரே அச்சு. ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஏற்றுவதும் இறக்குவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதல் நாள் சாவி சேரவில்லை. அப்பா தேங்காய் எண்ணெய் விட்டார், ஆட்டினார், தட்டினார், நல்ல வார்த்தை சொன்னார். அரதப் பழசான அந்தப் பூட்டு கடைசியில் தொல்லை தாங்காமல் திறந்துகொண்டது. "புதுப் பூட்டு. போகப் போக சரியாயிடும்" என்று எங்களிடம் சொன்னார்.

ஆனால் அன்று அவர் முகம் சரியில்லை. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, உள்ளே பார்த்ததை வெளியே சொன்னார்.

"வூட்டுல ஒண்ணுமே இல்லடி. ஒரு பாயி இல்ல. ஒரு சொம்பு இல்ல. பல்பு கூட இல்ல. புதுசா கல்யாணம் ஆன புள்ளைங்க, வெறுந்தரையில படுத்துக்கினு கெடந்திருக்குதுங்க."

"இன்ஜினியருன்னு சொன்னீங்க?"

"அதுதான் எனக்கும் புரியல. சேலத்துப் பக்கம் சிக்கனமா இருப்பாங்க போல."

இங்கேதான் எங்கள் நகரியத்து ஆட்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து ஜில்லாக்காரர்கள் ஒரே தெருவில் இருப்பதால் யார் எதைச் செய்தாலும் எங்களுக்கு ஆச்சரியம் வராது. ஒருவர் சாம்பாரில் வெல்லம் போட்டால், அவர்கள் ஊர்ப் பழக்கம். ஒருவர் வீட்டில் செவ்வாய்க்கிழமை துடைப்பத்தையே தொடாவிட்டால், அதுவும் அவர்கள் ஊர்ப் பழக்கம். நாளைக்கு ஒருவர் தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் எந்த ஜில்லா என்று மட்டும்தான் கேட்போம். இன்ஜினியர் வெறுந்தரையில் படுத்தது சேலத்துப் பழக்கம் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

மறுநாள் அப்பா எங்கள் வீட்டுப் பல்பு ஒன்றைக் கொண்டுபோய் அங்கே மாட்டினார். அதற்கடுத்த நாள் பாய். அம்மாவுக்கு இரக்கம் பொங்கி, ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், பழைய இட்லிப் பானை கொடுத்தாள். பிறகு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போனது. ஆறாம் நாள் என் அறையில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் காணவில்லை.

"உனக்குத்தான் போன்லயே மணி தெரியுதே" என்றார் அப்பா.

செடி விஷயம் இதைவிட மோசம். பின்பக்கம் ஓர் உடைந்த பக்கெட்டில் காய்ந்த குச்சி ஒன்று நின்றிருக்கிறது. அம்மா வீட்டுச் செடி அதுதான் என்று அப்பா முடிவு செய்தார். இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். உள்ளங்கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து அங்கே போனவர், சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடாமல் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"துளிர் வுட்ருச்சு!"

ஏழாம் நாள் இலை விரிந்தது. கை விரித்தாற்போல் இலை. அப்பா வயல்காட்டில் வளர்ந்தவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஆமணக்கு" என்றார், கொஞ்சம் குழப்பத்தோடு.

"ஆமணக்கையா தொட்டியில வெச்சு வளக்குறாங்க?" என்றாள் அம்மா.

"சேலத்துப் பக்கம் ஆமணக்கு ஜாஸ்தி. அம்மா ஞாபகமா வெச்சிருக்குது அந்தப் பொண்ணு. நம்ம யாரு கேக்கறதுக்கு?"

அன்றைக்கே அந்தப் பையன் போன் செய்தான். அப்பாவுடையது பட்டன் போன். போட்டோ எடுக்கிற போன் வைத்திருப்பவனை நம்பி யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. "செடி எப்படி இருக்குதுங்க அங்கிள்?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. "மூணு இலை தம்பி! தளதளன்னு கீது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, அவங்க அம்மாவே வந்து நிக்கற மாதிரி கீது" என்று அப்பா கத்தினார். அந்தப் பக்கம் பையனின் குரல் தழுதழுத்துவிட்டது. போனை வைத்த பிறகு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துப்பட்டா நுனியைத் தேடினேன். மூன்று பேரும் ஆமணக்குக்காக உருகியிருக்கிறோம்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணி. விளக்குப் போடப் போன அப்பா எனக்குப் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"பாப்பா, தொடப்பத்த எடுத்துக்கினு பின்தெரு வூட்டுக்கு ஓடி வா. திருடன உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

ஓடினேன். அப்பா பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். ஒரு காலை மடக்கியிருந்தார் என்று சத்தியம் செய்யத் தயார். "நீ பின்பக்கம் போயி நில்லு" என்றார். போய் நின்றேன். பின்கதவு மெல்லத் திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், மூக்குக் கண்ணாடியோடு, ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த துடைப்பத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "சாரிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். திருடன் சாரி சொன்னது எனக்கு அப்போதே உறுத்தியது.

முன்பக்கம் ஜன்னல் வழியாகப் பேச்சு நடந்தது.

"சார், இது என் மாமனார் வீடு சார். வீட்டை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி கூட்டி விடலாம்னு வந்தேன்."

"மாமனாரா? கல்யாணம் ஆயி ஆறு மாசம் ஆவாத பையனுக்கு மாப்பிள்ளையா? யாருகிட்ட காது குத்துற?"

"நான்தான் சார் உங்களைக் கேக்கணும். காலி வீட்ல பாய் இருக்கு, கடிகாரம் ஓடுது, இட்லிப் பானை இருக்கு. யார் சார் குடியிருக்கா இங்க?"

"காலி வூடா? அவங்க பழக்கம் அதுய்யா!"

அந்த மனிதர் மேற்கொண்டு வாதாடாமல் வீடியோ காலில் மாமனாரைக் கூப்பிட்டு, போனை ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்தார். திரையில் தஞ்சாவூர் போர்மேன், பனியனோடு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் இருபது வருஷப் பழக்கம், வீட்டுப் பக்கம்தான் போனதில்லை.

"யோவ்! என் மாப்பிள்ளையை எதுக்குய்யா பூட்டி வச்சிருக்க?"

"அண்ணே, நீங்க எப்படிண்ணே இந்தப் புள்ளைங்க வூட்டுல?"

"எந்தப் புள்ளைங்க? அது என் வீடுய்யா. போன மாசம்தானே லாரியில சாமான் ஏத்திக்கிட்டு வந்தேன். ஆமா, பின்னாடி செவுத்துல அது யாரு வீட்டுக் கடிகாரம்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாப்பிள்ளை சிரித்தார், போர்மேன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டார்.

"பாப்பா" என்றார். "அப்ப அந்தப் பொண்ணோட செடி எங்க கீது?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது நாள், மே மாத வெயில்.

நம்பர் எழுதிய அட்டையைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். ஆடிக்கொண்டிருந்த சமையலறை ஸ்டூலின் காலுக்கு அடியில் அம்மா அதை மடித்து வைத்திருந்தாள். அதே தெருதான், எதிர்க்கோடி. சாவி அந்தப் பூட்டில் அலுங்காமல் நுழைந்து ஒரே திருப்பில் திறந்தது. உள்ளே சோபா, டிவி, பெரிய பிரிட்ஜ், மெத்தை போட்ட கட்டில் எல்லாம் இருந்தன. சேலத்துக்காரர்கள் நன்றாகவே குடித்தனம் செய்துகொண்டிருந்தார்கள். பின்பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியில் ஒரு மல்லிகை. இலையெல்லாம் காய்ந்து சருகாகிக் காலடியில் கொட்டிக் கிடந்தது. தொட்டால் கிளை ஒடிந்தது.

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரைத் தூக்கிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அவர்கள் வந்து இறங்கும்போது அப்பா கேட்டில் நின்றிருந்தார். ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. வேற வூட்டுக்குக் காவல் இருந்துட்டேன்" என்று பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டார். அந்தப் பெண் நேராகப் பின்பக்கம் போனாள். தொட்டியைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்து அழுதாள்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தளதளன்னு இருக்குன்னு சொன்னீங்களே அங்கிள்?"

"அது ஆமணக்கு தம்பி."

"ஆமணக்கா?"

"உங்க பக்கம் வளப்பாங்கன்னு நெனச்சேன்."

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மனைவி திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க அங்கிள், பரவாயில்ல" என்றாள். அவள் திட்டியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, மல்லிகையின் அடித்தண்டை நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். மேலே சுரண்டிய இடமெல்லாம் பழுப்பு. மண்ணுக்கு ஒரு விரல்கடை உயரத்தில் மட்டும் மயிரிழை அளவுக்குப் பச்சை தெரிந்தது. "பதினஞ்சு நாள் குடும்மா" என்றார்.

தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குளியலறைக்கு வெளியே, நிழலில், எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்தில் அது குடியேறியது. அம்மா இரண்டு தடவை காலில் இடித்துக்கொண்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் ஒரு வேலை வந்தது. பலகையில் இருந்த மற்ற சாவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஒவ்வொரு வீடாகப் போய், கேட்டில் நம்பரை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும். இருபது வருஷமாகத் தெரிந்த வீடுகள். வெயிலில் நின்று நம்பர் படித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, சென்சஸ் எடுக்கிறவர்கள் என்று நினைத்து ஒருவர் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டாம் நாள் மல்லிகை அடியில் இரண்டு துளிர் வந்தன. அப்பா இந்தத் தடவை கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு, போனில் மல்லிகைத் துளிர் படம் தேடச் சொல்லி, இரண்டையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

ரிட்டயர்மெண்ட் அன்று மாலை போட்டார்கள், பேசினார்கள். பாதுகாப்பாக வேலை செய்தவர் என்று ஓர் அதிகாரி சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் பலகையை இறக்கி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அம்மா சத்தம் போடாமல் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து அங்கே மாட்டினாள். அது பலகையைவிடச் சின்னது. சுற்றிலும் பலகையின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. "நல்லாவே இல்ல" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

ஜூன் கடைசியில், நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் வந்தாள். கையில் சாவி.

"ஊருக்குப் போறோம்ங்க அங்கிள். அம்மா இருந்த வீட்டை விக்கறாங்க, நானும் கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் ஆகும்."

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. நாங்க இங்கிருந்தே போறோம். நாளைக்கு வூடு மாத்துறோம். வேற யாருகிட்டயாவது குடு."

"வேற யாருங்க காலி வீட்டுக்குப் பல்பு கொண்டுபோய் மாட்டுவாங்க?" என்றாள். "வாங்க, ஒரு நிமிஷம்."

பின்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். கோடி வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் அதே உடைந்த பக்கெட்; அதில் ஆமணக்கு, என் இடுப்பு உயரத்துக்கு, கை கையாக இலையை நீட்டிக்கொண்டு நின்றது. போர்மேனின் மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

"இந்தத் தெருவுலயே ஆமணக்கு வெச்சிருக்கற வீடு எங்க வீடு ஒண்ணுதானுங்க. இனி தப்பாது" என்றாள்.

அப்பா அந்தச் செடியைப் பார்த்தபடி நின்றார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து நீட்டினார்.

ரிட்டயர் ஆன மனிதர், சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ் ஏறி, பின்தெருவுக்கு வந்து, ஒரு மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். கேட்டைத் திறக்கும் முன் நம்பரை வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் நாள் அவர் அங்கே இருக்கும்போது, பழைய குவார்ட்டர்ஸில் மிச்சமிருந்த பாத்திரங்களை எடுத்துப்போக வந்திருந்த நானும் கூட இருந்தேன். அம்மாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடாமலே தெருவுக்கே கேட்டது.

"ஏங்க, உங்களுக்கு புத்தி கீதா? நான் கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா, நம்ம வூட்டு வாசக் கதவு தெருவுக்கும் தோட்டத்துக்குமா தொறந்து கெடக்குது. பூட்டாமயே போயிருக்கீங்க. எவனாவது உள்ள பூந்து வாரிக்கினு போயிருந்தா?"

"நம்ம வூட்டுல என்னாடி கீது" என்றார் அப்பா. தொட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "சும்மா இரு, அப்புறம் பேசறேன். இங்க மொட்டு வுட்டிருக்கு."